வெள்ளைப் பக்கம்

பதினேழாவது கட்டை திரும்பி நின்றது.

கரையோரம் வரிசையாக நட்டிருந்த நாற்பத்தொரு கட்டைகளில் அது ஒன்று. வேறு யார் வந்திருந்தாலும் கண்ணிலேயே பட்டிருக்காது. முழங்கால் உயரக் கட்டை, ஒரு முகம் சிவப்பு, மறு முகம் வெள்ளை, அதில் எது எந்தப் பக்கம் பார்த்தால்தான் யாருக்கு என்ன? ஆனால் அன்னப்பூரணி இரண்டரை வருடம் கண்ணிவெடி கிண்டிய பெண். அந்த வேலையில் சேர்ந்த முதல் நாளே, ஒரு வாய் தேத்தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது: சிவப்பு முகம் ஆபத்தைப் பார்த்து நிற்கும், வெள்ளை முகம் பத்திரமான நிலத்தைப் பார்த்து நிற்கும். உன் கண்ணுக்குச் சிவப்புத் தெரிந்தால் நீ நிற்பது வெடிக்குள். வெள்ளை தெரிந்தால் பிழைத்தாய். நேற்று முன்தினம் அவளே தன் கையால் அடித்து இறக்கிய கட்டைகள் இவை, சிவப்பு வாவியைப் பார்க்க, வெள்ளை கரையைப் பார்க்க. இப்போது கரையில் நின்ற அவளுக்குப் பதினாறு வெள்ளை, ஒரு சிவப்பு, பிறகு இருபத்துநான்கு வெள்ளை தெரிந்தன.

"குடிச்சுப்போட்டு வந்த எவனோ கிறுக்கி நட்டிருக்கான். கை விளங்காமப் போவான்," என்று திட்டிக்கொண்டே கட்டையைப் பிடுங்கினாள். அடிப்பாகம் ஒரு சாண் நீளத்துக்கு நனைந்திருந்தது. கச்சான் காற்று மூன்று மாதமாக அடித்து நிலமெல்லாம் வெடித்துக் கிடக்கிற காலத்தில், தண்ணீரிலிருந்து இருபது அடி தள்ளி நின்ற கட்டைக்கு ஈரம் எங்கிருந்து வரும்? அதை அவள் அப்போது யோசிக்கவில்லை. சரியான பக்கம் திருப்பி, மூன்று அடி அடித்து இறக்கிவிட்டுக் கையைப் பார்த்தாள். உள்ளங்கை ரேகைகளுக்குள் பச்சை ஏறியிருந்தது. சட்டையில் துடைத்துப் பார்த்தாள், போகவில்லை.

வாவி அன்று காலை அசையவேயில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் பச்சைப் பெயின்ற் வாளியைக் கவிழ்த்தாற்போல் தண்ணீரின் மேல் தடித்த ஆடை படர்ந்து கிடக்க, கரையோரம் அது காய்ந்து வெளிறிச் சுருங்கிச் சீமெந்துப் படிகளில் ஒட்டிக்கொண்டிருக்க, வயிறு மேலாக மிதந்த யப்பான் மீன்களைக் காகங்கள்கூடத் தொடாமல் விட்டிருக்க, அறுத்த புல்லும் அழுகிய முட்டையும் பழைய மருந்துப் போத்தலும் கலந்த ஒரு நாற்றம் மூக்கால் இறங்கித் தொண்டையின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. எத்தனை தரம் காறித் துப்பினாலும் அது எழும்பிப் போவதாக இல்லை.

வைகாசியில் சண்டை முடிந்த கையோடு பிரதேச சபைக்காரர்கள் நீர்முள்ளித்துறையில் படி கட்டி, ஆறு அன்னப் படகுகளை இறக்கி, காசு வாங்கி ரிக்கற் கொடுக்க ஒரு சின்ன அறையும் போட்டுக் குளிக்கிற துறையாக்கினார்கள். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் பஸ் பஸ்ஸாகச் சனம் வந்து விழுந்தது. களுதாவளைப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்து வந்தவர்கள்கூட வாவியைச் சுற்றி இங்கே வந்து ஒரு முழுக்குப் போட்டுவிட்டுத்தான் போனார்கள். எல்லாம் இரண்டு மாதக் கூத்து. முகத்துவாரத்தை மணல் மூடிக் கிடந்தது. வயல் வட்டைகளுக்குப் போட்ட பசளையெல்லாம் வடிந்து வாவிக்குள் வந்து தேங்கியது. ஆவணி பிறந்ததும் தண்ணீர் பச்சையாகிவிட்டது. சுகாதாரக்காரர்கள் போத்தலில் அள்ளிக்கொண்டு போனார்கள், நஞ்சுப்பாசி என்றார்கள். குடித்தால் ஈரல் போகும், குளித்தால் தோல் போகும், மழை வந்து முகத்துவாரம் வெட்டும்வரை ஒருவரும் இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மூன்று பாஷையிலும் பலகை தொங்கியது. காவலுக்கு அன்னப்பூரணி.

கட்டைகளைக் கொண்டுவந்து இறக்கியவர் சபைக் கந்தோர் மேற்பார்வையாளர் வினாயகமூர்த்தி. கண்ணிவெடிக் கம்பனி முகாமை மூடிப் போனபோது விட்டுப்போன மிச்சக் கட்டைகள், சபைக் களஞ்சியத்தில் செல்லரித்துக் கிடந்தவை.

"ஐயா, இது மிதிவெடிக்கு நடுற கட்டை. சனம் வேற மாதிரி விளங்கிப்போடும்," என்று அவள் அன்றைக்கே சொன்னாள்.

"சனம் பயந்தா நல்லந்தானேகா. பலகையை ஆர் வாசிக்கிறான்? இதுகளுக்குக் கட்டையைக் கண்டாத்தான் விளங்கும். நீ நடு, உனக்குத்தானே பழக்கம்."

பழக்கந்தான். கடலோர நாவலடியில் இருந்தவள் அவள். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை, புருசன் நல்லரத்தினம் ஒன்றரை வயசு மகளைத் தூக்கி இவள் தோளில் போட்டு, இரண்டு பேரையும் தென்னை மரத்தோடு சேர்த்துத் தள்ளிவிட்டு, தான் போய்விட்டான். அதன் பிறகு அவளுக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. கடல் முகத்தில் முழிக்கமாட்டேன் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாவிக்கு மேற்கே படுவான்கரைக்கு, கரடியனாற்றுப் பக்கம் தாய்வழிக் காணிக்கு வந்தாள். வந்து பார்த்தால் நிலத்துக்குள் வெடி. அவள் விதியை என்னவென்று சொல்வது! சரி, இனி ஓட இடமில்லை என்று முடிவெடுத்து, அந்த வெடியையே கிண்டும் வேலைக்குப் போனாள்.

அங்கேதான் அதைக் கண்டாள். வெடி கிடந்த காணிக்கு அப்பால் ஆடு மேய்த்துக்கொண்டு பத்திரமாகத்தான் ஒரு பெடியன் நின்றான். இந்தப் பக்கம் நின்ற தாய் பதறிப்போய், "ஓடி வாடா மனே" என்று கூப்பிட்டாள். பிள்ளை தாய் சொல்லைக் கேட்டது. குறுக்கே ஓடி வந்தது. பாதித் தூரந்தான் வந்தது.

அன்று மாலை வீட்டுக்குப் போன அன்னப்பூரணி, மகள் தனுஷியாவை மடியில் இருத்தி வைத்துப் பாடம் தொடங்கினாள். சோறு தீத்தும்போதும் அதுதான், தலை இழுக்கும்போதும் அதுதான்.

"சிவப்பைக் கண்டா?"

"நில்லு."

"மறுகா?"

"வெள்ளைப் பக்கத்தத் தேடிப் போ. ஒவ்வொரு காலடியா."

"சிவப்புக்குள்ளால ஆரும் உன்னட்ட வந்தா?"

"பின்னுக்குப் போ. அவங்க மிதிச்சா எனக்கும் வெடிக்கும்."

"அம்மா கூப்பிட்டா?"

"வரப்படாது."

"அம்மா அழுது கூப்பிட்டா?"

"வரப்படாது!"

"என்ர தங்கம்," என்று உச்சி மோந்து கொஞ்சுவாள். உலகத்தில் அவளுக்கு மிச்சமிருந்தது அந்த ஒன்றுதான், ஆறு வயசு, முன்பல் இரண்டும் விழுந்த பிள்ளை. கம்பனி மூடியபின் வயிற்றுப்பாட்டுக்காக வாவிக்கரைக்குக் குடிவந்து இந்தக் காவல் வேலையில் சேர்ந்தபோதும், அதைத் தண்ணீரிடமும் கொடுப்பதில்லை, நிலத்திடமும் கொடுப்பதில்லை என்று பிடிவாதமாக இருந்தாள்.

இரண்டாம் நாள் காலை வந்தபோது கரையிலிருந்து பார்த்தால் நாற்பத்தொரு கட்டையும் சிவப்பு.

அவள் சைக்கிளைப் போட்டுவிட்டு நின்றாள். கை கால் எல்லாம் ஒரு கணம் பழைய வேலைக்குத் திரும்பிவிட்டன. அசையாதே. சுற்றிப் பார். மூச்சை மெதுவாக விடு. பிறகுதான் இது வெடிக்காணி அல்ல, குளிக்கிற துறை என்று நினைவு வந்தது. சரியான கோபமும் வந்தது. பஸ்காரர்களைத் திருப்பி அனுப்புகிறாள் என்று ஊரில் பாதிப்பேருக்கு அவளில் எரிச்சல், காய்ச்சல். வலை போடவிடவில்லை என்று மீன்காரர்களுக்கும் காய்ச்சல். அவர்களில் ஒருவன்தான் செய்திருப்பான். குனிந்து முதல் கட்டையைப் பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கட்டைக்குப் பக்கத்தில் மண்ணில் ஒரு பள்ளம். வட்டமாக, கையகலத்தில். முழங்கால் பதிந்த அடையாளம். அடுத்த கட்டைக்குப் பக்கத்திலும் அதே. எல்லாம் கட்டையின் இடது கைப் பக்கம், எல்லாம் ஈரம். வெடி கிண்டுகிறவர்கள் அப்படித்தான் முட்டுக்கால் போடுவார்கள். குடித்துவிட்டு வந்தவன் எவனும் அப்படி முட்டுக்கால் போடமாட்டான்.

பிறகு துளைகளைக் கண்டாள். கட்டைகளுக்கும் ரிக்கற் அறைக்கும் நடுவில், காய்ந்த தரையில், ஊசி போன துளைகள். இரண்டு விரல் இடைவெளி. நேர் வரிசை. சாய்ந்து இறங்கியவை. வெடி தேடுகிற கம்பியைச் செங்குத்தாகக் குத்தினால் வெடியின் தலையில் படும், அதனால் சாய்த்துத்தான் குத்த வேண்டும், அதுதான் முறை. அவளும் அந்த முறையில் மாதக்கணக்காக நிலத்தைக் குத்தியவள். ஒவ்வொரு துளைக்குள்ளும் ஒரு சொட்டுப் பச்சைத் தண்ணீர் நின்றது.

எல்லா வரிசையும் வாவியிலிருந்து தொடங்கிக் கரையை நோக்கி வந்திருந்தது.

வினாயகமூர்த்திக்கு ஃபோன் அடித்தாள். அவர் சிரித்தார். "நண்டுத் துளையாயிருக்கும்கா. நண்டுக்கும் நீ ரிக்கற் குடுக்கோணும் போல," என்று வைத்துவிட்டார். நண்டுத் துளை எது, கம்பித் துளை எது என்று தெரியாதவளா அவள்? வாய்க்குள் இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு, நாற்பத்தொரு கட்டையையும் பிடுங்கித் திருப்பி நட்டாள். முடிக்கும்போது முழங்கைவரை பச்சை.

மத்தியானம் காற்று விழுந்தது. ரிக்கற் அறையின் தகரக் கூரை வெயிலில் நெளிந்து முறிகிற சத்தமும் அடங்கி, தூரத்தில் மாடுகளின் கழுத்து மணியும் அடங்கி, அன்னப் படகுகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம்கூட அந்தத் தடித்த பச்சைக்குள் மாட்டிக்கொண்டாற்போல் நின்றுபோய், தன் சொந்தக் காதுக்குள் ரத்தம் ஓடுகிறதைத் தவிர வேறெதுவும் கேளாத அந்த நேரத்தில், அவள் அதைக் கேட்டாள். சிக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. சிக். சரளை மண்ணுக்குள் மெல்லிய கம்பி இறங்குகிற சத்தம். வெளியே வந்து பார்த்தாள், ஒருவருமில்லை. வெறும் தரை. அவள் காலுக்கு ஆறடி முன்னால், முன்பு துளை இல்லாத இடத்தில் ஒரு துளை இருந்தது. அவள் மூச்சை அடக்கினாள். சத்தமும் அடங்கியது.

பின்னேரம் பள்ளி விட்டுத் தனுஷியா வந்தாள். வழக்கம்போல அறைக்குள் இருந்து கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கி ஜன்னலால் பார்த்தாள்.

"அம்மா, தண்ணிக்குள்ள ஆரு வேலை செய்யிறாங்க?"

"ஒருத்தருமில்ல. எழுது."

"இரிக்காங்க. முட்டுக்கால்ல நிக்கிறாங்க. உங்களப்போல."

அன்னப்பூரணி வாவியைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை, அதுதான் உண்மை. பிள்ளையின் கொப்பியைப் பறித்துப் பையில் திணித்து, சைக்கிளில் ஏற்றி வீட்டுக்கு மிதித்தாள். "நாளைக்குப் பள்ளியும் வேணா, இஞ்ச வரவும் வேணா. வீட்டுக்குள்ள இரி. கதவைச் சாத்திக்கொண்டு இரி. ஆர் வந்து தட்டினாலும் திறக்கப்படாது, விளங்கிச்சா?"

"ஓம்."

சொன்ன சொல் தட்டாத பிள்ளை. அதை நினைத்து அன்றிரவு அவள் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கினாள்.

மூன்றாம் நாள் கட்டைகள் இடம் மாறியிருந்தன. வரிசை குலையவில்லை. வரிசை முழுவதும் அப்படியே முப்பது அடி கரைக்கு ஏறி ரிக்கற் அறையின் சுவரோடு நின்றது, சிவப்பு முகம் ஊரைப் பார்க்க. பழைய இடத்தில் இருந்த குழிகளில் பச்சை நிறைந்திருந்தது.

அறைக்குப் பின்னால் சந்தியில் திரிகிற செவலை நாய் கிடந்தது. நாய் செத்துக் கிடந்தால் அவள் பயந்திருக்கமாட்டாள், பாசித் தண்ணீரைக் குடித்து ஏற்கெனவே இரண்டு நாயும் ஒரு கன்றும் செத்துவிட்டன. இந்த நாய் கிடந்த விதந்தான் விதம். அதைச் சுற்றித் துளை. பிறகு பக்கவாட்டில் மண்ணை விறாண்டி விறாண்டி எடுத்து, சதுரமாகப் பள்ளம் வெட்டி, ஒரு துளி மண்கூட உடம்பில் ஒட்டாமல் தூரிகையால் துடைத்து வெளியே தெரியவிட்டிருந்தது. ஒரு வெடியைக் கண்டுபிடித்தால் அப்படித்தான் செய்வார்கள். அவளே எத்தனை தரம் செய்திருக்கிறாள். கண்டுபிடித்து, துடைத்து, தலைமாட்டில் சிவப்பு அடையாளம் வைத்து, பிறகு அதைச் செயலிழக்கச் செய்வது. நாயின் தலைமாட்டில், வரிசையிலிருந்து பிடுங்கிய ஒரு கட்டை நின்றது. நாயின் கண்ணும் வாயும் பச்சையால் நிரம்பியிருந்தன.

அவளுக்கு அப்போது விளங்கியது. விளங்கியது என்றால் புத்தியால் அல்ல, முதுகுத்தண்டால்.

இந்தப் பக்கத்தை யாரோ வெடித் துப்புரவு செய்கிறார்கள்.

"தங்கச்சி!"

படிக்கட்டுப் பக்கமிருந்து சத்தம். தேத்தண்ணீர்க்கடை மீராசாஹிப். ஏறாவூர் ஆள், காக்கா என்றுதான் அவள் கூப்பிடுவாள், துறை மூடியதிலிருந்து கடையும் மூடி, இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்து சாமான்களைப் பார்த்துவிட்டு அவளையும் ஏசிவிட்டுப் போவார். அவள் ஓடிப்போனாள். மனிசன் தண்ணீருக்குள் நின்றார். நெஞ்சளவு பச்சையில், தொப்பியும் கழற்றாமல், சேர்ட்டும் கழற்றாமல், பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற மாதிரி.

"காக்கா! ஏறி வாங்க! நஞ்சுத் தண்ணியல்லவா அது!"

"என்னகா பேசுறாய்? விடியச் சுபஹோட வந்த நான். வந்து பாத்தா ஒரே சிவப்பு. பழைய ஞாபகம்கா, நெஞ்சு பக்கெண்டு போய்த்து. கட்டையத் தாண்டி வெள்ளைப் பக்கம் வந்து நிண்டுட்டன்." அவர் உதடு இரண்டும் வெடித்து வீங்கியிருந்தன. பேசும்போது பச்சை வடிந்தது. "நீயும் வாகா இஞ்சால. நீ நிக்கிற இடம் சரியில்ல. கிண்டிக்கொண்டு வாறாங்க, தெரியல்லையா?"

"ஆர் காக்கா?"

அவர் தன் பக்கத்தில் யாரோ முட்டுக்காலில் நிற்பதைப்போல் குனிந்து பார்த்துவிட்டு, மெல்லச் சிரித்தார்.

அவள் படகு கட்டும் கயிற்றை எறிந்து, வழியால் போன லொறிக்காரனையும் கூப்பிட்டு, இரண்டு பேருமாக அவரை இழுத்து ஏற்றினார்கள். தோல் கையோடு வந்தது. லொறியில் போட்டு மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்வரை மனிசன் ஒரே பல்லவி: "வெள்ளைப் பக்கந்தானே நிண்டன். வெள்ளைப் பக்கந்தானே நிண்டன்."

விஷயம் கேள்விப்பட்டு மோட்டார் சைக்கிளில் வந்திறங்கிய வினாயகமூர்த்தி, நாயையும் பார்க்கவில்லை, துளையையும் பார்க்கவில்லை. நேரே அவளிடம் பாய்ந்தார்.

"உனக்கு மண்டை கழண்டு போச்சா? கட்டையத் தலைகீழா நட்டு ஒரு மனிசனைத் தண்ணிக்குள்ள இறக்கிப்போட்டியே!"

"நான் நடல்ல ஐயா."

"நீ நடாம? இந்த ஊரில இப்பிடி நடத் தெரிஞ்ச ஆள் வேற ஆர்?"

அவர் கேட்டது சரியான கேள்வி. அவர் கத்திக்கொண்டேயிருந்தார். அவள் அவர் தோளுக்கு மேலால் ரிக்கற் அறையைப் பார்த்தாள்.

கட்டைகள் இல்லை.

லொறியை ரோட்டில் ஏற்றிவிட்ட அரை மணித்தியாலத்துக்குள். நாற்பத்தொன்றும் இல்லை. நாயின் தலைமாட்டில் நின்றதுகூட. தரையில் துளைகள் மட்டும் இருந்தன, இரண்டு விரல் இடைவெளியில், வரிசை வரிசையாக, அறையைத் தாண்டி, பலகையைத் தாண்டி, அவள் தினமும் சைக்கிளில் வருகிற ஒற்றையடிப் பாதையில் ஏறி, அவள் வீடு இருக்கிற பக்கம்.

"தனு," என்றாள். அது அவளுக்கே கேட்கவில்லை.

சைக்கிளை எடுத்தாளா ஓடினாளா, அவளுக்கு நினைவில்லை. வெயில் நடு உச்சியில் நின்றது. வழியெல்லாம் துளை. துளைக்கெல்லாம் பச்சை. வேலியோரம் ஒரு கோழி, சுற்றிச் சதுரமாக வெட்டி, துடைத்து. அதற்கப்பால் ஒரு ஆட்டுக்குட்டி. சுத்தமாக. அழகாக. அவளே வெட்டியிருந்தால் அப்படித்தான் வெட்டியிருப்பாள்.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது.

உடைக்கவில்லை. உள்ளிருந்து கொக்கி கழற்றப்பட்டிருந்தது. வீட்டைச் சுற்றிக் கட்டை நின்ற குழிகள், வட்டமாக. கட்டைகள் நின்றபோது சிவப்பு எந்தப் பக்கம் பார்த்திருக்கும் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவேண்டியதில்லை. ஜன்னலால் எட்டிப் பார்த்த பிள்ளைக்கு நாலு பக்கமும் சிவப்பு. வாசலிலிருந்து மட்டும் இரண்டு வரிசைக் குழி, ஆள் நடக்கிற அகலத்துக்கு, பாதைபோல, கொல்லைப்புறமாக இறங்கிப் போயிற்று. வெடிக்காணிக்குள் பத்திரமாக நடக்க விடுகிற பாதை. அதன் நடுவில் சின்னக் காலடிகள். ஓடிய காலடி அல்ல. ஒவ்வொன்றாக வைத்து நடந்த காலடி.

உள்ளே போனாள். மெழுகிய தரையில் துளை. பாயில் துளை. இரண்டு பேரும் படுக்கிற பாய். மகள் படுக்கிற பக்கத்தில் துளை ஒன்றுமில்லை, ஒரு கீறல்கூட இல்லை. அவள் படுக்கிற பக்கத்தில்தான். தோள், இடுப்பு, கால் என்று அவள் உடம்பின் அளவுக்குச் சுற்றிக் குத்தி, சதுரமாக வெட்டி, துடைத்து. தலைமாட்டில் ஒரு கட்டை. நாற்பத்தொன்றில் ஒன்று. சிவப்பு, அவள் தலையணையைப் பார்த்து.

வெடியைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

கொல்லைப்புறம் இறங்கினால் நூறு அடியில் வாவியின் ஒரு கை உள்ளே வந்து கிடக்கும். அந்தக் கரையில் மிச்ச நாற்பதும் நின்றன. நாற்பதும் சிவப்பு. அதற்கு அப்பால் பச்சை. பச்சைக்குள், இடுப்பளவில், வீட்டுச் சட்டையோடு தனுஷியா.

"மனே!"

"நில்லுங்கம்மா!" பிள்ளை கையைத் தூக்கிக் காட்டினாள். தாயே சொல்லிக்கொடுத்த கைச்சாடை. "அசையப்படாது. நீங்க சிவப்புக்குள்ள நிக்கிறீங்க."

"இஞ்ச வா மனே. கட்டை பிழை. அம்மா சொல்றன், கட்டை பிழை!"

"அம்மா கூப்பிட்டாலும் வரப்படாது."

"ஐயோ என்ர தங்கம், அது வேற. வா. வாகா." அழுகை வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. "வா மனே!"

"அழுது கூப்பிட்டாலும் வரப்படாது." பிள்ளையின் கீழுதடு நடுங்கியது. அவளும் அழுதாள். ஆனால் பாடத்தை மறக்கவில்லை. சொன்ன சொல் தட்டாத பிள்ளை.

அன்னப்பூரணி ஒரு அடி வைத்தாள்.

தனுஷியா ஒரு அடி பின்னுக்கு வைத்தாள். பச்சை நெஞ்சுக்கு ஏறியது.

"வராதீங்கம்மா! நீங்க மிதிச்சா எனக்கும் வெடிக்கும்!"

இன்னொரு அடி. பச்சை கழுத்துக்கு. பிள்ளை தாடையை உயர்த்திக்கொண்டது. விழுந்த முன்பல் இடைவெளியில் பச்சை தெரிந்தது.

நின்றாள்.

பாய்ந்தால்? பாய்ந்தால் அது இன்னும் ஒரு அடி வைக்கும். அதற்கு அப்பால் பள்ளம். அவளுக்குத் தெரியும். அங்கே தரை இல்லை.

நிற்கத்தான் வேண்டும். அசையாமல். நின்றால்தான் பிள்ளையும் நிற்கும்.

பிள்ளைக்கு இரண்டு பக்கமும் பச்சை அசைந்தது. ஆடை கிழியவில்லை. மேடு மேடாக எழும்பியது. ஒரு கை இடைவெளியில் ஒன்று. அடுத்தது. அடுத்தது. குனிந்த தலைகள். மடித்த முழங்கால்கள். எல்லாம் பச்சை பூசி, எல்லாம் இவளைப் பார்த்து, காலையில் வேலைக்கு இறங்குகிற வரிசைபோல் ஒழுங்காக. முகங்கள் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. கைகளில் கம்பி.

தனுஷியா அவர்களைப் பார்த்து ஒதுங்கவில்லை. அம்மாவோடு வேலை செய்தவர்களைப் பார்த்துத் தலையாட்டுகிற மாதிரித் தலையாட்டினாள்.

"பயப்பிடாதீங்கம்மா," என்றாள். "எடுத்திருவாங்க."

சிக்.

அன்னப்பூரணி கீழே பார்த்தாள். பெருவிரலுக்கு நாலு விரல் தள்ளித் தரையில் ஒரு துளை. அதற்குள் ஒரு சொட்டு.

சிக்.

இரண்டு விரல்.

எதிரே பிள்ளை, தாடைவரை பச்சையில், கையை உயர்த்திப் பிடித்தபடி, கண் இமைக்காமல் தாயின் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றது.

அன்னப்பூரணி அசையவில்லை.

சிக்.